பேண்டேஜ் கட்டி வளர்த்த கீரை

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லத் தைரியம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதெல்லாம் ஒன்றும் வேண்டாம். மூளை ஒரு நொடி லீவு போட்டால் போதும். என் மூளை அப்படி லீவு போட்ட இடம், ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பேண்டேஜ் துணி ஃபேக்டரியில் முதலாளியின் மேஜைக்கு எதிரே.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பேக்கிங் செக்‌ஷனில் நான் தற்காலிகம். தற்காலிகம் என்றால் சம்பளமும் தற்காலிகம், மரியாதையும் தற்காலிகம். ஆனால் எனக்கு உண்மையில் வலித்தது வேறு இடத்தில். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் தாய்மாமாவின் மகள் மகேஸ்வரியை எனக்குத்தான் கட்டிக்கொடுப்பது என்று இரண்டு வீட்டிலும் பேசிவைத்திருந்தார்கள். பேசிவைத்ததோடு சரி. நாள் குறிக்கச் சொல்லிப் போகும்போதெல்லாம் மாமா ஒரே பதிலை வைத்திருந்தார்.

"வேல பெர்மனென்ட் ஆவட்டும்டே சங்கரு. பொறவு பேசுவோம்."

இந்த 'பொறவு' இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. வேறு மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் மாமாவைப் பார்த்துவிட்டுப் போனதாகவும் காற்றுவாக்கில் காதில் விழுந்தது.

இந்த நிலையில்தான் எங்கள் ஃபேக்டரிக்கு டென்மார்க்கிலிருந்து லார்சன் என்று ஒரு துரை வந்துபோனார். பேண்டேஜ் துணி வாங்குகிறவர். ஆறடிக்கு மேல் உயரம், உரித்த பனங்கிழங்கு நிறம். முதலாளி வீட்டில் அவருக்காகப் பிரமாதமாகச் சமைத்தார்கள். மனிதர் வெறும் தயிர்சாதம் சாப்பிட்டார். அதற்கே இரண்டு நாள் படுத்துவிட்டார். அடுத்த தடவை வந்தால் என்ன போடுவது என்று முதலாளி கேட்டதற்கு, எங்கள் ஊரில் நாங்கள் பச்சை இலைதான் விரும்பிச் சாப்பிடுவோம் என்று சொல்லியிருக்கிறார். ஊருக்குப் போனதும் அந்த இலைக்கு விதையும் அனுப்பிவிட்டார்.

அந்த விதைப் பாக்கெட்டைத்தான் முதலாளி மேஜைமேல் வைத்து எங்களைக் கூப்பிட்டிருந்தார். பாக்கெட்டின் மேல் ஒரு படம். கருஞ்சிவப்பில், ஓரமெல்லாம் சுருள் சுருளாக, சேவற்கொண்டைப் பூவை வாணலி அளவுக்குப் பெரிதாக்கியது மாதிரி ஓர் இலைக்கொத்து. பின்பக்கம் முழுக்க அவர்கள் பாஷை. எங்களுக்குப் புரிந்தது அதிலிருந்த சூரியன் படமும் பூவாளி படமும் மட்டும்தான்.

"பேரு லெட்டூஸாம். தை மாசம் துரை வாராரு. இந்த வருஷத்து ஆர்டரே அவரு கையிலதான் இருக்கு. அவரு எலையில அவரு ஊரு எலை இருக்கணும். யாரு வீட்டுலப்பா தோட்டம் இருக்கு?" என்றார் முதலாளி.

என் கை உயர்ந்திருந்தது. (நான் தூக்கவில்லை, அதுவாகத் தூக்கிக்கொண்டது என்று இன்றுவரை வாதாடி வருகிறேன்.) என் வீட்டுத் தோட்டம் என்பது உடைந்த பிளாஸ்டிக் வாளியில் ஒரு ஓமவல்லிச் செடி. அதையும் பக்கத்து வீட்டுக் கோழி பாதி தின்றிருந்தது.

"உனக்குக் கீரை போடத் தெரியுமாப்பா?"

"நல்லாத் தெரியும் முதலாளி."

"சரியா வந்துச்சுன்னா உன் பெர்மனென்ட் விஷயத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். வராவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாமா வீடு மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போகிற சாலையில் இருந்தது. பின்பக்கம் கிணறு, கொய்யா மரம், நாலு பாத்தி அளவுக்கு நல்ல மண். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பாக்கெட்டோடு போய் இறங்கினேன். விதை எள்ளைவிடச் சின்னதாக இருந்தது. அவரைக்கொட்டை ஊன்றுவது மாதிரி ஒவ்வொன்றாக விரலால் குழி போட்டு, ஆழமாக அமுக்கி, மேலே மண்ணைப் போட்டு, காலால் ஒரு மிதியும் மிதித்தேன். காற்றில் பறந்துவிடக் கூடாதே என்ற அக்கறை.

புரட்டாசி வெயில். ஒரு விதைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறிப் போய், பாத்தி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, மண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வருவேன். மாமா வீட்டுக்கு நான் வருவது மகேஸ்வரியைப் பார்க்கத்தான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்படி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கடைசியில் மகேஸ்வரிதான் வாயைத் திறந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ரொம்பப் பேச மாட்டாள். பேசினால் எதிராளிக்கு வேலை இருக்காது.

"அத்தான், அது குளுரு நாட்டு வித்து. இந்தச் சூட்டுல மண்ணுக்குள்ள போட்டு மிதிச்சா எப்படி மொளைக்கும்? மிச்சத்த எங்கிட்ட குடுங்க."

நான் மாதிரிக்கு என்று சட்டைப்பையில் வைத்திருந்த பேண்டேஜ் துணியில் கொஞ்சம் விதையை முடிந்து, நனைத்து, தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருந்த ஈர மணலில் வைத்தாள். இரண்டு மூன்று நாளில் வெள்ளை வெள்ளையாக முளை விட்டுவிட்டது. மிச்ச விதையையும் இன்னொரு துண்டுத் துணியில் முடிந்து அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இந்த முடிச்சை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கார்த்திகையில் கன்றுகள் நட்டோம். நட்டோம் என்றால் அவள் நட்டாள். நான் பூவாளியோடு பக்கத்தில் நின்றேன். ஆனால் என் பங்குக்கு ஒன்றும் செய்யாமல் இருக்க முடியுமா? வெயில் பட்டால் வாடிவிடும் என்று பயந்து, ஃபேக்டரியில் கழித்துப் போட்ட பேண்டேஜ் துணியைச் சுருள் சுருளாகக் கொண்டுவந்து, குச்சி நட்டு, பாத்தி முழுக்க இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு என்று பந்தல் போட்டேன். பக்கவாட்டிலும் சுற்றினேன். எறும்பு ஏறாமல் இருக்கத் தண்டுக்குக்கூட லேசாக ஒரு சுற்று.

மாமா பல்குச்சியோடு வந்து செத்த நேரம் நின்று பார்த்தார்.

"ஏலே, இது தோட்டமா, தர்மாஸ்பத்திரியா?"

செடிகள் வளர்ந்தன. நன்றாகவே வளர்ந்தன. ஒரே ஒரு குறைதான், அவை பச்சையாக இருந்தன. பாக்கெட்டில் கருஞ்சிவப்பு, பாத்தியில் வெளிர் பச்சை. நாங்கள் வளர்ப்பது லெட்டூஸா அல்லது ஏதாவது களையா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்தச் செடியின் நிஜ முகத்தைப் பார்த்தவர் எங்கள் ஜில்லாவிலேயே ஒருவரும் இல்லை. யாரிடம் கேட்பது? ஃபேக்டரியில் முதலாளி தினமும் என்னைத் தாண்டிப் போகும்போது "செவந்துருச்சாப்பா?" என்பார். "செவந்துக்கிட்டு இருக்கு முதலாளி" என்பேன். பேக்கிங் செக்‌ஷனில் எல்லோரும் குட் மார்னிங்குக்குப் பதிலாக "செவந்துருச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

செம்மண்ணில் வளர்ந்தால் செவக்கும் என்றார் மாமா. கூமாப்பட்டிப் பக்கம் போய் ஒரு சாக்குச் செம்மண் கொண்டுவந்து கொட்டினேன். பச்சை. பீட்ரூட் அவித்த தண்ணியை ஊத்தினா செவக்கும் என்றாள் அத்தை. வாரம் முழுக்க அந்த வீட்டில் பீட்ரூட் பொரியல். வடித்த தண்ணீரெல்லாம் பாத்திக்கு. அப்போதும் பச்சை. பீட்ரூட்டைத் தின்று தின்று மாமாதான் செவந்து போனார்.

அப்புறம் ஒரு ராத்திரி அடித்த காற்றில் பந்தலின் ஒரு மூலை கிழிந்து தொங்கியது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மகேஸ்வரி என்னைப் பாத்திக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"பாருங்க. கிழிஞ்ச பக்கத்துல மட்டும் செவந்துருக்கு."

நான் குனிந்து பார்த்தேன். அந்த மூலையில் நின்ற செடிகளுக்கு ஓரமெல்லாம் குங்குமம் தடவியது மாதிரி சிவப்பு ஏறியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"பீட்ரூட் தண்ணி இந்தப் பக்கம்தான் நல்லா எறங்கியிருக்கு" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். (இந்தப் பார்வையைக் கல்யாணத்துக்குப் பிறகு வாரத்துக்கு நாலு தடவை பார்த்து வருகிறேன். முதல் தடவை அன்றைக்குத்தான்.) பிறகு பந்தல் துணியை ஒவ்வோர் அடுக்காக உருவ ஆரம்பித்தாள். தை பிறப்பதற்குள் பாத்தி முழுக்கச் சிவந்துவிட்டது. படத்தில் இருந்த அதே கருஞ்சிவப்பு, அதே சுருள். பீட்ரூட் வைத்தியத்தைப் பற்றி நான் பேக்கிங் செக்‌ஷனில் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

துரை வந்தார். இலையைப் பறித்த கையோடு சாப்பிட்டால்தான் ருசி என்று யாரோ முதலாளிக்குச் சொல்லிவிட்டார்கள். அதனால் காலையில் செண்பகத்தோப்பில் மலையணில் பார்ப்பது, மத்தியானம் மாமா வீட்டிலேயே சாப்பாடு, அங்கிருந்தே துரை மதுரைக்குப் போய் விமானம் ஏறுவது என்று ஏற்பாடு. என் வேலையைக் கொடுக்க வேண்டியவரும் பெண்ணைக் கொடுக்க வேண்டியவரும் ஒரே கூரைக்குக் கீழ். எனக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

அன்று காலை இரண்டு கூடை நிறைய இலை பறித்துக் கொடுத்துவிட்டு, சமையற்கட்டில் அத்தையிடம் தெளிவாகச் சொன்னேன்.

"அத்தை, இதுக்கு ஒண்ணுமே செய்ய வேண்டாம். நல்லா அலசி, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, உப்புத் தூவி, அப்பிடியே பச்சையா வச்சிருங்க."

"சரி மருமவனே" என்றாள்.

எங்கள் பக்கத்துப் பெண்களின் 'சரி'யில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நீ சொன்னபடி செய்கிறேன். இன்னொன்று, நீ சொல்லியாயிற்று, கிளம்பு. அந்த வயதில் எனக்கு வித்தியாசம் தெரியாது.

செண்பகத்தோப்பில் ஓர் அணிலும் வரவில்லை. மரத்தை அண்ணாந்து பார்த்துப் பார்த்துத் துரைக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். திரும்பி வந்து கை கழுவி எல்லோரும் உட்கார்ந்தோம். துரைக்கு மடக்கு நாற்காலி, முக்காலிமேல் வாழை இலை, சாப்பிட ஒரு கரண்டி. அப்போது சமையற்கட்டு வாசலில் மகேஸ்வரி வந்து நின்றாள். என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். தலையை ஆட்டினாள். கையால் ஏதோ கடைவது மாதிரி சுற்றிக் காண்பித்தாள். இரண்டு வருஷமாக நாலு பேர் முன்னால் என்னை நிமிர்ந்து பார்க்கத் தயங்கிய பெண், அத்தனை பேர் இருக்கும்போது எனக்கு ஜாடை காட்டுகிறாளே என்று நான் வெட்கப்பட்டுப் புன்னகை செய்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தை வந்தாள். கையில் ஒரு சின்னக் கிண்ணம். துரையின் இலையில் சோற்றை வைத்து, கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஊற்றினாள். பச்சையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல், பாசிப்பருப்பும் பூண்டும் போட்டு, நெய் மிதக்க, நன்றாகக் கடைந்த கீரை.

முதலாளி என்னைப் பார்த்தார். "எலை எங்கப்பா?" என்றார், தமிழில், மெதுவாக.

நான் பதில் சொல்வதற்குள் அத்தை மலர்ந்த முகத்தோடு முந்திக்கொண்டாள்.

"இதுதான் முதலாளி அது. அருவாமணையில வச்சதும் காம்புல பாலா வடியிது. பால் வடியிற எலையப் பச்சையாக் குடுக்கலாமா? போன தடவ தயிருசோத்துக்கே படுத்த மனுசன். எங்க வீட்டுல சாப்பிட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா எங்க மருமவன் வேல என்னத்துக்கு ஆவுறது? அதான் நல்லா வேகவச்சுத் தண்ணிய வடிச்சுக் கடைஞ்சுட்டேன். ரெண்டு கூடையும் சுண்டி இம்புட்டுத்தான் வந்துச்சு."

என் வேலையைக் காப்பாற்றத்தான் அவள் அதைச் செய்திருக்கிறாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. காது மட்டும் அடைத்துக்கொண்டது.

எங்கள் முதலாளி வீட்டில் தெலுங்கு. ஃபேக்டரியில் தமிழ்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தெலுங்கு தானாக வெளியே வரும். "ஏமிரா இதி?" என்றார். என்னடா இது என்று அர்த்தம். அதைச் சொன்ன தொனிக்கு என் வேலை போயிற்று என்று அர்த்தம்.

துரைக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, நான் அனுப்பிய லெட்டூஸ் எப்படி வந்தது என்று கேட்டார். உன் நாட்டு இலையை அவித்துக் கடைந்து உன் சோற்றிலேயே ஊற்றியிருக்கிறோம் என்று இங்கிலீஷில் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. சொல்லும் தைரியமும் இல்லை. தாசில்தார் ஆபீஸ் விண்ணப்பங்களில் செத்தவர்கள் பெயருக்குப் பக்கத்தில் படித்த ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது.

"சார்... யுவர் லெட்டூஸ் எக்ஸ்பயர்ட்."

துரை கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஹெவி சன், சார்" என்று காரணத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் முகத்தில் ஒரு நிஜமான வருத்தம். என் தோளைத் தட்டிக்கொடுத்து, கவலைப்படாதே, நீ உன்னால் முடிந்ததைச் செய்தாய் என்றார். நான் செத்த வீட்டுக்காரன் மாதிரி தலையை ஆட்டினேன். எல்லாம் முடிந்தது, ராஜபாளையம் போய் ஓமவல்லிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, துரை மரியாதைக்கு ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். நிறுத்தினார். இன்னொரு வாய். அப்புறம் கரண்டியை விட்டுவிட்டுக் கையாலேயே ஆரம்பித்துவிட்டார். அத்தை கிண்ணத்தை வழித்து ஊற்றினாள்.

இது என்ன கீரை, இவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதே இல்லையே, பெயர் என்ன என்று கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

"மலைக்கீரை, சார்." சமையற்கட்டு வாசலிலிருந்து குரல் வந்தது. மகேஸ்வரிதான். "ஃபிரம் அவர் ஹில்ஸ். ஒன்லி ஹியர்."

துரை மலைக்கீரை, மலைக்கீரை என்று நாக்கைப் புரட்டிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சாப்பிட்டு எழுந்ததும், தன் லெட்டூஸ் இறந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கூட்டிக்கொண்டு போனோம். ஒரே ஒரு இலைகூட மிச்சமில்லாமல் காலையில் நானே மொட்டையடித்த பாத்தி. மேலே கோடித்துணி மாதிரி வெள்ளையாக ஒரு முழம் பேண்டேஜ் கிடந்தது. துரை தொப்பியைக் கழற்றினார். நாங்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

திரும்பும்போது அந்த மலைக்கீரைக்கு விதை கிடைக்குமா, எங்கள் ஊரில் போட்டுப் பார்க்கிறேன் என்றார். நான் மறுபடி வாயைத் திறந்து மூடுவதற்குள் மகேஸ்வரி உள்ளே போய் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பேண்டேஜ் முடிச்சை எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். அவர் அனுப்பிய விதையை அவரே நெஞ்சில் கைவைத்து நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

கார் மதுரைக்குக் கிளம்பியது. முதலாளி கண்ணாடியை இறக்கி, "திங்கக்கெழம வந்து என்னப் பாரு" என்று மட்டும் சொன்னார். நான் பாத்தி ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வேல போயிரும் மாமா" என்றேன். அழுகை வந்துவிட்டது. "மகேஸ்வரிக்கு வேற எடத்துல பாக்கதுன்னா பாத்துக்கிடுங்க."

மாமா பெருமூச்சு விட்டார்.

"இத்தன நாளும் உனக்கு வேல இருந்தாத்தான் எம் மகளக் குடுக்கணும்னு நெனச்சேன்டே. இன்னைக்குத்தான் பாத்தேன். எம் மகளக் குடுத்தாத்தான் உனக்கு எந்த வேலையும் இருக்கும் போல. வைகாசில வச்சுக்கிடுவோம்."

திங்கட்கிழமை முதலாளி மேஜை முன்னால் போய் நின்றேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"கிருஷ்ணன்கோவில்ல ஆரம்பிச்சு ஏர்போர்ட்டு வரைக்கும் அந்தக் கீரையவே பேசிக்கிட்டு வந்தாரு. ரேட்டைக் கொறைக்கச் சொல்லிக் கேக்கவே மறந்துட்டாரு" என்றார். "இன்னையிலருந்து நீ பெர்மனென்ட். எக்ஸ்போர்ட் செக்‌ஷன். ஒரே ஒரு கண்டிஷன். வெள்ளக்காரங்ககிட்ட நீ மட்டும் இங்கிலீஷ் பேசாத."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அதற்கடுத்த வருஷம் துரை மறுபடி வந்தபோது, எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்து வந்தார். மலைக்கீரை அவர் ஊரில் அமோகமாக வந்திருக்கிறதாம். வீட்டில் வாரம் ஒரு தடவை கடைசலாம். ஒரே ஒரு தொந்தரவு, பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, இது வெறும் லெட்டூஸ் அல்லவா என்று சிரிக்கிறாராம்.

"நான் அவரிடம் சொல்லிவிட்டேன்" என்றார் துரை, மகேஸ்வரியைப் பார்த்துப் பெருமையாக. "உனக்குக் கீரையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று."

நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

இப்போது மதுரையில் அந்த இலை பிளாஸ்டிக் டப்பாவில் கிடைக்கிறது. என் மகள் போன மாதம் ஒரு டப்பா வாங்கிவந்து, பச்சையாகத் தின்னச் சொல்லி என் முன்னால் நீட்டினாள். எத்தனையோ மாதம் பாடுபட்டு வளர்த்த நான் அதுவரை ஒரு கிள்ளுகூடப் பச்சையாக வாயில் வைத்ததில்லை. கை தயங்கியது. வைக்கலாமா, வேண்டாமா என்று டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, அப்பா எக்ஸ்பயர்ட் ஆயிட்டாரு!" என்று மகள் உள்ளே பார்த்துக் கத்தினாள். நான் முழித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் இப்படித்தான் சொல்வார்கள்.

மகேஸ்வரி வந்து டப்பாவை வாங்கிக்கொண்டு போய் அடுப்பில் பருப்பு வைத்தாள்.